ஒரு சாதாரண மூதாதையின் வாழ்க்கையை அவருடைய காலத்தோடு சேர்த்து எழுதுவது: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

என் பாட்டியின் வாழ்க்கையை எழுத முதன்முதலில் உட்கார்ந்தபோது மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் இரண்டே முக்கால் பக்கத்தை இரண்டாம் உலகப் போர் எடுத்துக்கொண்டிருந்தது. பாட்டிக்குக் கால் பக்கம் மிஞ்சியிருந்தது. போரைப் பற்றி எழுத நூலகத்தில் அலமாரி அலமாரியாக நூல்கள் இருந்தன, பாட்டியைப் பற்றி எழுத ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்பதே காரணம். அரசராகவோ தலைவராகவோ இல்லாமல் உழைத்து, பிள்ளை வளர்த்து, மறைந்துபோன ஒருவரைப் பற்றி எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். வழியின் மறுபக்கத்தில் இன்னொரு பள்ளம் உண்டு: பிறந்தார், மணந்தார், ஐந்து பிள்ளைகளைப் பெற்றார், இறந்தார் என்று எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும்படி எழுதி முடித்துவிடுவது. இவ்விரண்டிலும் விழாமல் நடப்பதற்கு எனக்குப் பயன்பட்ட படிகளை இங்கே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: ஒரு வரலாற்று நிகழ்ச்சி அந்த மனிதரின் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதற்கு உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள்.

முதல் படி: ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

கொடிவழி, அதாவது தலைமுறைகளின் குடும்ப மரம், வரைவது வேறு வேலை. அதில் பெயர்கள் பெருகும், மனிதர்கள் மறைவார்கள். பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் கணக்குப்படி அந்தத் தலைமுறையில் மட்டும் 1,024 மூதாதையர் நிற்பார்கள். அவர்களில் ஒருவரின் குரலும் நமக்குக் கேட்காது. எனவே இன்று உயிரோடிருக்கும் ஒருவராவது கண்ணால் பார்த்த ஒரு பாட்டனையோ பூட்டியையோ தேர்ந்தெடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், ஒரே ஒரு எழுத்துச் சான்றாவது எஞ்சியிருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். குடும்பத்தில் மிகவும் புகழப்படுபவரைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. அவரைப் பற்றிய கதைகள் ஏற்கெனவே வழவழப்பாகத் தேய்ந்துபோயிருக்கும்.

இரண்டாம் படி: தெரிந்ததை எழுதி, யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள்

ஒரு செய்திக்கு ஒரு வரி. வரியின் முடிவில் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு: பெரிய அத்தை சொன்னது, பத்திரத்தில் இருப்பது, புகைப்படத்தின் பின்புறம் எழுதியிருப்பது, எனக்கே நினைவிருப்பது. இந்தக் குறிப்பை இன்று விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் ஊகமும் அத்தையின் சாட்சியமும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று உங்களாலேயே பிரிக்க முடியாமல் போகும்.

மூன்றாம் படி: வயதுப் பட்டியல்

ஒரு நீளத் தாளில் நான்கு கட்டங்களை மேலிருந்து கீழாக வரையுங்கள்: ஆண்டு, அவருடைய வயது, வீட்டில் நடந்தது, வெளியில் நடந்தது. பிறந்த ஆண்டிலிருந்து இறந்த ஆண்டுவரை ஓராண்டுக்கு ஒரு வரி என்று விட்டுக்கொண்டு போங்கள். வயது என்ற இரண்டாவது கட்டம்தான் இந்தத் தாளின் உயிர். எடுத்துக்காட்டாக, 1893ஆம் ஆண்டில் பிறந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். 1918இன் பெருந்தொற்றுக்காய்ச்சல் பரவியபோது அவருக்கு 25 வயது, கையில் சிறு குழந்தைகள் இருந்திருக்கக்கூடிய பருவம். 1929இன் பொருளாதார வீழ்ச்சியின்போது 36, வளரும் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய வயது. 1942இல் 49, இப்போது போருக்குப் போகும் வயதில் இருப்பவர்கள் அவருடைய மகன்கள். பாடநூலில் மூன்று தனித்தனித் தலைப்புகளாக இருந்தவை ஒரே உடம்பில் அடுத்தடுத்து வந்து விழுவது வயதை எழுதிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பிறந்த ஆண்டையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய பதிவுகளில் வயது 30, 35, 40 என்று முழு ஐந்துகளிலும் பத்துகளிலும் முடிந்தால், யாரோ தோராயமாகச் சொன்னதை யாரோ எழுதிக்கொண்டார்கள் என்றே கொள்ளலாம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்தச் சாய்வைக் கணக்கிட்டு, வயதுப் புள்ளிவிவரம் எவ்வளவு நம்பத்தக்கது என்று மதிப்பிடுவதுண்டு. நாட்காட்டியும் ஏமாற்றும். இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியை 1582 அக்டோபரிலேயே ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. பிரிட்டன் 1752இல்தான் மாறியது, ரஷ்யா 1918இல்தான் மாறியது. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆம் நாளில் தொடங்கியதால், அங்கே பிப்ரவரியில் பிறந்த ஒருவரின் ஆண்டை நாம் இன்றைய கணக்கில் ஒன்று கூட்டிப் படிக்க வேண்டும்.

நான்காம் படி: முதியவர்களிடம் கேட்பது

இதை ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன்பே செய்துவிடுங்கள். காகிதம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக, விடிந்ததும் முதலில் என்ன செய்வார், வேலைக்கு எவ்வளவு தொலைவு நடந்தார், கூலி நாள்தோறும் வந்ததா வாரத்துக்கு ஒருமுறையா, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார், கடிதம் வந்தால் யாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார்கள், எதற்குப் பயப்படுவார் என்று கேளுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி பெறுங்கள். பேசி முடித்த பிறகு பதிவை நிறுத்தினாலும் குறிப்பேட்டை மூடாதீர்கள், ஏனென்றால் வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போதுதான் பலருக்கு முக்கியமானது நினைவுக்கு வருகிறது.

முதியவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். "பெரிய வெள்ளத்துக்கு மறுவருஷம்", "சண்டை முடிஞ்சு ஆளுக திரும்பி வந்தப்போ" என்றுதான் சொல்வார்கள். இதைத் திருத்தி உடனே எண்ணாக மாற்றிவிடாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறந்த தேதி பதிவாகாத இடங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்களும் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டுதான் வயதைக் கணித்தார்கள். அதைவிட முக்கியமாக, எந்த வெள்ளத்தையும் எந்தச் சண்டையையும் அவர்கள் அடையாளக் கல்லாக நட்டிருக்கிறார்கள் என்பதே, வரலாற்றில் எது அந்த வீட்டைத் தொட்டது என்பதற்கான முதல் சான்றாகும்.

ஐந்தாம் படி: பதிவுகளைத் தேடுவது

பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே பதிவுசெய்யும் முறை பிரான்சில் 1792இலும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1837இலும் தொடங்கியது. பல நாடுகளில் இன்னும் பிந்தியது. அதற்கு முற்பட்ட காலத்துக்கு வழிபாட்டிடங்களின் ஏடுகளையும் நிலம், வரி தொடர்பான கணக்குகளையும் நம்ப வேண்டியிருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை அமெரிக்கா 72 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கிறது, அதனால் 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022இல் வெளிவந்தன; பிரிட்டன் 100 ஆண்டு காத்திருக்கச் செய்கிறது; இந்தியாவிலோ தொகுத்த அட்டவணைகள்தான் பொதுவில் உண்டு, தனிவீட்டுத் தாள்கள் இல்லை. எனவே தேடத் தொடங்குவதற்கு முன், உங்கள் மூதாதை வாழ்ந்த நாட்டில் எது எப்போது பதிவாயிற்று, எது எரிந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாள்களில் மிகப் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தின் விளைவாக இல்லாமற்போயிற்று. 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது அயர்லாந்தின் பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. இது தெரியாமல் மாதக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

ஏழையின் பெயர் ஏட்டில் ஏறுவது பெரும்பாலும் அவரை யாரோ கட்டுப்படுத்த விரும்பிய நேரத்தில்தான். நீதிமன்றம், சிறை, மருத்துவமனை, படை, கடன்பத்திரம், கப்பல் ஆகிய ஆறு இடங்களையும் தவறாமல் பாருங்கள். 1834இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் மொரீஷியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1879 முதல் பிஜிக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுடைய பதிவுகளில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சாதி, உயரம், உடலில் உள்ள அடையாளம்வரை காணக் கிடைக்கிறது. மொரீஷியசின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய குடியேற்ற ஏடுகள் பாதுகாக்கப்படுகின்றன. சொந்த ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லாமலிருக்க, கடல் கடந்து போன தம்பியின் உயரம்கூட நமக்குத் தெரிகிறது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக அளக்கப்பட்ட உயரம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே அந்த ஏட்டைப் படிக்க வேண்டும்.

இல்லாமையையும் படிக்கலாம். அமெரிக்காவின் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகள் மிகப் பெரும்பாலும் பெயரின்றி, வயதும் பாலினமுமாக, உடைமையாளரின் பெயருக்குக் கீழே எண்ணப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் 1870இல்தான் முதன்முதலாக அந்தத் தாள்களில் ஏறியது. பெண்களோ பல நாடுகளில் பெரும்பாலும் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே ஏட்டில் நிற்கிறார்கள். குடும்பப் பெயரை வைத்துப் பழமையை அளப்பதும் ஆபத்தானது: ஜப்பானில் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் 1875இலும், தாய்லாந்தில் 1913இலும், துருக்கியில் 1934இலும்தான் வந்தது. போரில் இறந்த படைவீரர் என்றால், 1917இல் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் 17 லட்சம் பெயர்கள் தேடக் கிடைக்கின்றன.

ஆறாம் படி: வாசல்களைக் கண்டுபிடிப்பது

இனிதான் வரலாற்று நூலைத் திறக்க வேண்டும். சாதாரண வீட்டுக்கு வரலாறு வந்த வாசல்களாக நான் ஐந்தைப் பார்க்கிறேன்: விலை, நோய், சட்டம், வழி, செய்தி. வயதுப் பட்டியலின் நான்காவது கட்டத்தில் ஒரு நிகழ்ச்சியை எழுதும்போது, அது இவற்றுள் எதன் வழியாக வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். எதுவும் பொருந்தவில்லையென்றால், அது எவ்வளவு பெரிய நிகழ்ச்சியானாலும் அடித்துவிடுங்கள்.

விலையே மிகப் பெரிய வாசல். நியூயார்க் பங்குச்சந்தை 1929 அக்டோபரில் சரிந்ததை ஒரு விவசாயி அறிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அறுவடையில் தன் விளைச்சலுக்குக் கிடைத்த விலையை அவர் அறிவார். விலை விழுந்ததால் பிரேசில் தன் காப்பிக்கொட்டையையே எரித்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்தபோது தென்னிந்தியாவும் தக்காணமும் வட சீனாவும் பிரேசிலின் வடகிழக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டினியில் விழுந்தன. அந்த ஆண்டுகளில்கூட இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. ஆகவே "பஞ்சம் வந்தது" என்று எழுதுவதோடு நிற்காமல், தானியம் கண்ணெதிரே இருந்தும் வாங்க முடியாத கூலியா, அல்லது வாங்குவதற்குத் தானியமே இல்லையா என்று கேட்டுப் பாருங்கள். பழைய பணத்தை இன்றைய பணமாக மாற்றிச் சொல்வதால் பயன் சிறிது. ஒரு மூட்டை தானியத்துக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள், எந்தக் காலத்து வாசகருக்கும் அது புரியும்.

நோயின் வாசலில் எண்களை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 1918இன் இன்ஃபுளுயன்சாவில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு; இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். ஆனால் உங்கள் குடும்பத்தைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி வேறொன்று: குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லும் வழக்கமான காய்ச்சலைப் போலன்றி, அது 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களை மிகுதியாகக் கொண்டுபோயிற்று. பல கொடிவழிகளில் அந்த ஆண்டின் இறுதியில் இளம் தாயோ தந்தையோ திடீரென்று மறைவதும், பிள்ளைகள் பெரியப்பா வீட்டில் வளர்வதும் இதனால்தான் இருக்கலாம். அதேபோல, முன்காலத்துச் சராசரி ஆயுள் முப்பதை ஒட்டியிருந்தது என்று படித்துவிட்டு முப்பது வயதுக்காரரைக் கிழவராக எண்ணிவிடாதீர்கள். குழந்தைச் சாவுகள் சராசரியைக் கீழே இழுத்தன, பிழைத்து வளர்ந்தவர்களில் அறுபதைக் கண்டவர்கள் நிறையவே இருந்தார்கள்.

சட்டமும் வழியும் குறைவாகப் பேசும், ஆனால் திடீரென்று திசையைத் திருப்பும். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்ததால் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியிருக்கவில்லை; ஆளும் சரக்கும் போய்ச்சேரும் காலம் அதனால் சுருங்கியது. இரயில் எந்த ஆண்டில் அவர் ஊரை எட்டியது, அஞ்சலகம் எப்போது வந்தது என்பவை மாநகரத்து அரசியலைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

செய்தி என்ற வாசலில் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம், ஏனென்றால் முடிவு நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. 1914இல் தொடங்கிய போரை அதில் வாழ்ந்த மக்கள் 'முதல்' உலகப் போர் என்று நினைத்து வாழவில்லை. 1930களில் எவரும் தாங்கள் இரண்டு போர்களுக்கு நடுவில் இருப்பதாக எண்ணிப் பெண் கொடுக்கவோ கடன் வாங்கவோ இல்லை. இன்று நாம் சரியென்று கருதும் கருத்துகளை அவர்கள் மனத்தில் ஏற்றிவிடுவதும் இதே தடுக்கல்தான்.

ஏழாம் படி: எழுதுவது

உறுதியின் அளவைக் காட்டத் தமிழ் வினை நமக்கு நல்ல கருவிகளைத் தந்திருக்கிறது. ஆவணத்தில் கண்டதைச் 'செய்தார்' என்று எழுதுங்கள். பிறர் சொல்லக் கேட்டதைச் 'செய்தாராம்' என்று எழுதுங்கள். மற்ற சான்றுகளிலிருந்து தவிர்க்க முடியாமல் பெறப்படுவது 'செய்திருக்க வேண்டும்'. வெறும் வாய்ப்பு 'செய்திருக்கலாம்'. இந்நான்கையும் கலக்காமல் பயன்படுத்தினால் அடிக்குறிப்பே இல்லாமல் வாசகருக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். நாம் கற்பனை செய்துகொண்ட அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பத்தியை இப்படி எழுதலாம்:

"1918இன் இறுதியில் அவருக்கு 25 வயது, இடுப்பில் ஒன்றும் கைப்பிடித்து நடக்கும் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள். அக்டோபரில் கணவர் இறந்தார். இறப்பேட்டில் காரணத்துக்குரிய இடத்தில் 'காய்ச்சல்' என்ற ஒரே சொல் இருக்கிறது. அப்போது எங்கும் பரவியிருந்த இன்ஃபுளுயன்சாவாக அது இருந்திருக்கலாம். அதன் பிறகு அவர் தையல் வேலைக்குப் போனாராம். இதைச் சொன்னவர் மூத்த மகள். மறு ஆண்டில் அந்த வீடு வேறொருவர் பெயருக்கு மாறியிருப்பதால், குடும்பம் இடம் பெயர்ந்திருக்க வேண்டும்."

இந்தப் பத்தியில் அவர் அழுததாக ஒரு சொல்லும் இல்லை. அழுதிருப்பார்தான், ஆனால் அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை, வாசகர் தாமே அறிந்துகொள்வார். மனத்துக்குள் புகுந்து எழுதும் ஆசை வரும்போதெல்லாம் ஒரு பொருளைத் தேடுங்கள்: தேய்ந்த ஊசி, அடகுச் சீட்டு, பின்புறம் தேதியிட்ட புகைப்படம். அடுத்த பத்திக்கு அது போதும்.

கடன், குடி, சிறை, கைவிட்ட மனைவி, அடக்குமுறையாளர்களோடு செய்த வேலை போன்றவை தலைகாட்டினால் மறைக்காதீர்கள், தீர்ப்பும் சொல்லாதீர்கள். ஆனால் உயிரோடிருப்பவர்களின் பிறப்பு, திருமணம், நோய் பற்றிய செய்தியாக இருந்தால் அவர்களைக் கேட்காமல் ஒரு வரியும் வெளியிடக் கூடாது.

எட்டாம் படி: திறந்தே வைப்பது

முடித்ததும் உங்கள் பெயரையும் எழுதிய தேதியையும் கடைசியில் இடுங்கள். ஒரு நாள் நீங்களும் வேறொருவருக்குச் சான்றாவீர்கள். நல்ல தாளில் அச்சிட்டு மூன்று வீடுகளிலாவது வையுங்கள், மின்கோப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒலிப்பதிவுகளையும் வயதுப் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள், பட்டியலின் வெற்று வரிகளை நிரப்பாமல் விட்டபடியே. என் பாட்டியின் பட்டியலில் பதினொன்றாம் வயதிலிருந்து பதினாறாம் வயதுவரை ஒன்றும் இல்லாமலிருந்தது. அந்தப் பட்டியலின் நகலைப் பெற்றுக்கொண்ட ஓர் உறவினர் இரண்டு மாதம் கழித்து அதைத் திருப்பி அனுப்பினார். பதின்மூன்று என்ற எண்ணுக்கு நேராக, பென்சிலால், "என் அம்மாவும் இவரும் அந்த வருஷம் ஒரே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்களாம்" என்று எழுதியிருந்தது.